பல்கலைக்கழக நூலகத்தின் மின்தொகுப்புகளை நெடுங்காலம் காப்பது எப்படி? சேலம் நூலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆகவே சேலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வெளிவந்த ஆய்வேடுகள் ஏறத்தாழ அனைத்தும் கணினியில் பிறந்தவை. அதிலும் முதல் சில ஆண்டுகள், தமிழை ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்யும் வழக்கம் இங்கே பரவாதிருந்த ஆண்டுகள். அக்காலத் தமிழ் ஆய்வேடு ஒன்றின் மூலக்கோப்பை இன்றைய கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசைதான் பெரும்பாலும் தெரியும். கோப்பு கெடவில்லை, ஒரு பிட் கூட மாறவில்லை. ஆனாலும் படிக்க முடியவில்லை. கோப்பைக் காப்பதும் அதைப் படிக்கும் வழியைக் காப்பதும் இருவேறு வேலைகள் என்பதையும், தமிழ் நூலகத்துக்கு இரண்டாவது வேலையே கடினமானது என்பதையும் மனத்தில் வைத்தே கீழ்க்காணும் படிகளை எழுதியிருக்கிறேன்.

மின்கோப்புகளை நெடுங்காலம் காக்கும் துறையின் அடிப்படை வரைவு ஓஏஐஎஸ் (திறந்த காப்பகத் தகவல் அமைப்பு) எனப்படுகிறது. விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் தங்கள் தரவுகளுக்காக உருவாக்கிய இது, 2003-இல் ஐஎஸ்ஓ 14721 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. கோப்புகளும் அவற்றைப் பற்றிய விவரங்களும் சேர்ந்த தொகுப்பே பொதி. உள்ளே வரும் பொதி, காப்பகத்தில் இருக்கும் பொதி, வாசகருக்குப் போகும் பொதி என மூன்றையும் வேறுவேறாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இணையத்தில் வாசகருக்காக ஏற்றியிருக்கும் சிறிய பிடிஎஃப் கோப்பையே காப்பகப் பிரதி என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால், இந்தப் பிரிவினையை முதலிலேயே ஊழியர் அனைவருக்கும் விளக்கிவிடுவது நல்லது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஆய்வேட்டை ஏற்றுவதற்கும் இது பொருந்தும். அது வாசகர் அணுகுவதற்கான அருமையான ஏற்பாடு. ஆனால் மூலக்கோப்புகளையும், பின்னிணைப்புத் தரவுகளையும், களப்பணி ஒலிப்பதிவுகளையும் காக்கும் பொறுப்பு ஆய்வேட்டை ஏற்ற பல்கலைக்கழகத்தையே சேரும்.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன் ஓர் எளிய அட்டவணை தேவை. ஆய்வேடுகளின் பின்னட்டை உறையில் இருக்கும் குறுந்தகடுகள், துறைகளின் பழைய கணினிகள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஒப்படைத்த பென் டிரைவ்கள், ஸ்கேன் செய்து கொடுத்த நிறுவனம் தந்த வன்தட்டுகள் என ஒவ்வோர் ஊடகத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அது எங்கே இருக்கிறது, எந்த ஆண்டைச் சேர்ந்தது, யார் கொடுத்தார்கள், உறைமேல் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றை மட்டும் பதியுங்கள். இந்த நிலையில் எதையும் கணினியில் செருகித் திறக்க வேண்டாம்.

கொள்ளளவையும் இப்போதே கணக்கிட்டுவிடலாம். ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2,480-க்கு 3,508 படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்காத டிஃப் படக்கோப்பாக வைத்தால் அது ஏறத்தாழ 26 மெகாபைட். 300 பக்க ஆய்வேடு ஒன்றுக்கு 7.8 ஜிகாபைட், அத்தகைய 1,000 ஆய்வேடுகளுக்கு 7.8 டெராபைட். மூன்று பிரதிகள் என்றால் 23 டெராபைட்டுக்குச் சற்று மேல். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு பிரதி எடுக்கவே 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிதிக்குழுவின் முன் வைக்கவேண்டியது இந்தக் கணக்கைத்தான். பொதுவான கவலைகளைச் சொன்னால் யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

படி 2: எதை முதலில் காப்பது என்று தீர்மானியுங்கள்

வேறெங்கும் கிடைக்காததே முதலிடம் பெற வேண்டும். 1883-இல் வெளியான சேலம் மாவட்டக் கையேடு போன்ற அரசு வெளியீடுகள் பல நூலகங்களில் உள்ளன. அவற்றின் ஸ்கேன் பிரதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை மீண்டும் ஸ்கேன் செய்வதில் ஊழியரின் உழைப்பைச் செலவிட வேண்டாம். மாறாக, சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்களின் பாடல்களையும் வழக்காறுகளையும் ஒரு மாணவர் களப்பணியில் பதிவுசெய்திருந்தால், உலகத்திலேயே அதற்கு ஒரே பிரதிதான் இருக்கக்கூடும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் கணக்கேடுகளின் படங்கள், நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 சேலம் மாநாட்டைப் பற்றி உள்ளூர்க் குடும்பங்கள் கொடுத்த துண்டறிக்கைகள், ஜவ்வரிசி ஆலைகளையும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளையும் பற்றிய நேர்காணல்கள் ஆகியனவும் இந்த வகையே.

உரிமையைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம் உதவுகிறது. வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே அச்சில் இருக்கும் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க அந்தச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சேமிப்பதற்கான இந்த அனுமதியை, எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தங்கள் நூலகம் இந்தப் பிரிவின் வரையறைக்குள் வருகிறதா என்பதைப் பல்கலைக்கழகச் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களில் இந்தத் தயக்கம் தேவையில்லை. களப்பணிப் பதிவுகளில் சட்டத்தையும் தாண்டி ஒரு கடமை இருக்கிறது. பாடியவரும் பேசியவரும் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது தெரியாதவரை அவற்றைக் காப்பகத்துக்குள் மட்டும் வைத்திருங்கள். இயன்றால் அந்த ஊருக்கே சென்று கேட்டு, பதிவின் பிரதி ஒன்றை அவர்களிடமும் கொடுங்கள்.

படி 3: பழைய ஊடகங்களிலிருந்து வெளியே எடுங்கள்

குறுந்தகட்டில் தரவு இருக்கும் படலம், பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஒட்டிய தாளைப் பிய்ப்பதோ, பந்துமுனைப் பேனாவால் எழுதுவதோ அதை நேரடியாகச் சேதப்படுத்தும். தகட்டிலிருந்து கோப்புகளை மட்டும் இழுத்துப் போடுவதைவிட, முழுத் தகட்டையும் ஒரே ஐஎஸ்ஓ பிம்பமாக (தகட்டின் முழு நகலைக் கொண்ட ஒரு கோப்பாக) எடுப்பதே சரியான முறை. படிக்க மறுக்கும் தகடுகளுக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உதவும். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஒரு டிரைவில் படிக்காத தகடு இன்னொரு நிறுவனத்தின் டிரைவில் படிக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று பழைய டிரைவ்களைக் கைவசம் வைத்திருப்பது பயன் தரும்.

பென் டிரைவ், வன்தட்டு ஆகியவற்றை எழுதத் தடைசெய்யும் கருவி வழியாகவே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி தானாகவே கோப்புகளின் தேதிகளை மாற்றிவிடும். எடுத்தவற்றை வலையிணைப்பு இல்லாத ஒரு கணினியில் வைரஸ் சோதனைக்கு உட்படுத்தி, சில வாரங்கள் ஒதுக்கி வைத்து, வைரஸ் பட்டியலைப் புதுப்பித்த பின் மறுபடியும் சோதியுங்கள். பழைய வேர்டு கோப்புகளில் மேக்ரோ வைரஸ் இருப்பது சாதாரணம். அதைக் கண்டவுடன் மென்பொருள் கோப்பையே அழித்துவிடாதபடி அமைப்பை மாற்றி வையுங்கள்.

படி 4: கோப்பின் உண்மையான வடிவத்தைக் கண்டறியுங்கள்

கோப்புப் பெயரின் பின்னொட்டை நம்ப வேண்டாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ப்ரோனோம் பதிவேடு ஆயிரக்கணக்கான வடிவங்களுக்கு அடையாள எண் கொடுத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் டிராய்டு மென்பொருள் ஒரு கோப்புறை முழுவதையும் ஆராய்ந்து, எது எந்த வடிவம் என்று பட்டியல் தரும். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு டிஃப், ஒலிக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆகியவை ஏற்ற வடிவங்கள். இரட்டைத் தட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகும். எழுத்தாவணங்களுக்கு, நெடுங்காலப் பாதுகாப்புக்கென வகுத்த பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/ஏ ஏற்றது. வடிவத்தை மாற்றினாலும் வந்த மூலக்கோப்பை ஒருபோதும் நீக்க வேண்டாம், ஏனெனில் நாளை இதைவிட நல்ல மாற்றி கிடைத்தால் மூலத்திலிருந்துதான் மறுபடி தொடங்க முடியும்.

படி 5: தமிழ் எழுத்தைக் காப்பாற்றுங்கள்

மேல்நாட்டுக் கையேடுகள் பொதுவாகக் கற்றுத்தராத படி இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000-க்குப் பிறகே சாதாரணக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரத் தொடங்கியது. அதுவரையிலும், டிடிபி கடைகளில் அதற்குப் பிறகும் நெடுநாள், பாமினி போன்ற எழுத்துருக்களிலும், டிஸ்கி குறியேற்றத்திலும் (எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறை), 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களிலும், தனியார் நிறுவனங்களின் சொந்த முறைகளிலும் தமிழ் எழுதப்பட்டது. பாமினியில் தட்டச்சு செய்த “தமிழ்” என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே இருக்கிறது. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். எந்த எழுத்துரு என்ற தகவல் தொலைந்தால், மீதமிருப்பது சாவி தொலைந்த பூட்டு.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு கோப்பிலும் பயன்பட்ட எழுத்துருக்களின் பெயர்களை எடுத்து மீத்தரவில் (கோப்பைப் பற்றிய விவரக்குறிப்பில்) பதிவது. வேர்டு கோப்பானால் உள்ளிருந்தே பெயர்கள் கிடைக்கும். பிடிஎஃப் ஆனால் ஆவணத்தின் பண்புகளில் பார்க்கலாம். அடுத்து, அந்த எழுத்துருக் கோப்புகளைத் தேடிச் சேகரிக்க வேண்டும். வட்டாரத்தின் பழைய டிடிபி நிலையங்களிலும், தட்டச்சு நிலையங்களிலும், துறைகளின் ஓரங்கட்டப்பட்ட கணினிகளிலும் இவை இன்னும் கிடைக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் கிடைக்கா. எழுத்துருக்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு என்பதால் இவற்றை வெளியில் பகிராமல் காப்பகத்துக்குள் மட்டும் வைத்திருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-இல் வெளியானது. அதன் கோப்புகளை, அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பிந்தையவை திறக்கா. எனவே அத்தகைய பழைய மென்பொருளும் எழுத்துருக்களும் நிறுவிய ஒரு கணினியை, இணைய இணைப்பு இல்லாமல், நூலகத்திலேயே வைத்துக்கொள்வதை வலியுறுத்திச் சொல்வேன்.

ஒருங்குறிக்கு மாற்றும்போது பெரும்பாலோர் செய்வது, உரையை வெறும் எழுத்துக் கோப்பாக எடுத்து மாற்றியில் போடுவது. இது பெரும் சேதத்தை விளைவிக்கும். ஆய்வேட்டில் ஆங்கிலச் சொற்களும் நூல்களின் ஆங்கிலத் தலைப்புகளும் வேறோர் எழுத்துருவில் இருக்கும். வெறும் எழுத்தாக எடுத்தவுடன் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுபோல ஆங்கில எழுத்துகளாகிவிடும், மாற்றி இரண்டையும் தமிழாக்கிவிடும். துணைநூற்பட்டியல் முழுவதும் குப்பையாகிப் போவது இதனால்தான். எழுத்துருத் தகவலை இழக்காமல், தமிழ் எழுத்துரு பயன்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றும் வழியைக் கையாளுங்கள். கோப்பை டாக்எக்ஸ் வடிவில் சேமித்தால், ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எழுத்துரு பெயரோடு பதிந்திருக்கும். ஒரு சிறு நிரல் அதைப் படித்துப் பிரித்துவிடும்.

மாற்றிய பின் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய முறைகளில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டது; ஒருங்குறியில் அது பின்னால் வரும். “கொ” என்ற எழுத்து பழைய கோப்பில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியில் ககரமும் ஓர் ஒகரக் குறியும். மாற்றி சரியில்லாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியே நின்றுவிடும், திரையில் மட்டும் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஒருங்குறியின் என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறுவேறு குறிவரிசைகளை ஒன்றாக்கும் முறை) இதைச் சரிசெய்யும் என்பதால் எல்லாத் தமிழ் உரைகளையும் அதற்கு உட்படுத்துங்கள். ஔகாரக் குறியின் இடத்தில் கொம்பும் ளகரமும் தட்டச்சாகியிருப்பதை அந்த இயல்பாக்கம் கண்டுபிடிக்காது. கௌரவம், சௌராஷ்டிரம், மௌனம் போன்ற சொற்களைத் தனியே தேடித்தான் திருத்த வேண்டும். சௌராஷ்டிர மக்கள் கணிசமாக வாழும் சேலத்தைப் பற்றிய ஆய்வுகளில் இது அற்பப் பிழையாகாது. அதுபோலவே, 2005-இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்ந்த பின்னர், ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை இருவேறு வழிகளில் எழுத முடிகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, தேடலுக்கு வேறு.

பிடிஎஃப்/ஏ பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2011-இல் வந்த பிடிஎஃப்/ஏ-2யூ என்ற நிலை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறி மதிப்பு இருக்க வேண்டும் என்று கோருகிறது. பாமினிக் கோப்பில் அந்த மதிப்புகள் ஆங்கில எழுத்துகளைக் குறிப்பனவாக இருக்கும். மதிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வெராபிடிஎஃப் போன்ற சோதனை மென்பொருள் இதற்குத் தேர்ச்சி அளித்துவிடலாம். தமிழ் தெரிந்த ஒருவர் சில பக்கங்களிலிருந்து உரையை நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை.

எழுத்துருவே கிடைக்காத கோப்புகளுக்கு, அச்சேட்டை ஸ்கேன் செய்து டெசராக்ட் போன்ற எழுத்துணரியால் உரை எடுக்கலாம். அப்படி எடுத்த உரை சரிபார்க்கப்படாதது என்ற குறிப்பை மீத்தரவில் தவறாமல் சேர்க்க வேண்டும்.

படி 6: பொதியாகக் கட்டுங்கள்

ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் வந்த மூலம், ஒருங்குறிப் பிரதி, பிடிஎஃப்/ஏ, எழுத்துருக் குறிப்பு, அனுமதிக் கடிதத்தின் ஸ்கேன் ஆகியவை இருக்கட்டும். கோப்புப் பெயர்களில் இடைவெளி விடாமல், பதிவெண்ணும் ஆண்டும் கொண்ட எளிய ஆங்கில எழுத்துப் பெயர்களையே வையுங்கள். தமிழ்த் தலைப்பு மீத்தரவில் இருந்தால் போதும். இயங்குதளத்துக்கு இயங்குதளம் தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் முறை மாறுபடுவதால், நகலெடுக்கும்போது சிக்கல் வருகிறது.

இதைப் பேக்இட் முறையில் கட்டுவது நல்லது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அதன் கூட்டாளிகளும் உருவாக்கிய இம்முறையில், கோப்புகளோடு சேர்த்து ஒவ்வொன்றின் சரிபார்ப்புத் தொகையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒரு பட்டியலாக இருக்கும். எஸ்எச்ஏ-256 கணக்கீட்டில் கோப்பின் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொகை முற்றிலும் மாறிவிடும் என்பதால், பத்தாண்டு கழித்தும் கோப்பு அப்படியே இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். யார், எப்போது, எந்த மென்பொருளால் எதை மாற்றினார் என்ற வரலாற்றைப் பதிவதற்குப் ப்ரீமிஸ் என்ற மீத்தரவுத் தரம் இருக்கிறது. ஆர்க்கிவ்மேட்டிக்கா என்ற திறமூல மென்பொருள் இவற்றையெல்லாம் தானாகச் செய்யும். ஆனால் அதைப் பராமரிக்கக் கணினி தெரிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத நூலகம் பேக்இட்டையும் ஓர் அட்டவணையையும் ஒழுங்காகப் பேணுவதே மேல். டிஸ்பேஸ் வாசகர் அணுகலுக்கு நல்ல மென்பொருள். அதை நிறுவியதாலேயே பாதுகாப்பு முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம்.

படி 7: பிரதிகளை எங்கே வைப்பது

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றாவது வேறு ஊரில். முதல் பிரதி நூலகத்தின் சேமிப்பகச் சர்வரில் இருக்கட்டும். இரண்டாவதற்கு எல்டிஓ என்ற காந்த நாடாவைப் பரிந்துரைக்கிறேன். எல்டிஓ-8 நாடா ஒன்று, சுருக்காத நிலையில், 12 டெராபைட் கொள்ளும், முன்னர்க் கணக்கிட்ட ஆயிரம் ஆய்வேடுகளும் ஒரே நாடாவில் அடங்கும். ஆனால் எல்டிஓ-8 டிரைவ் தன் தலைமுறை நாடாவையும் அதற்கு முந்தைய ஒரு தலைமுறை நாடாவையும் மட்டுமே படிக்கும். நாடா நெடுங்காலம் இருந்தாலும் டிரைவ் கிடைக்காமல் போகும் என்பதால், ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறைக்கு மாற்றும் செலவைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

குளிர்ச்சியான ஊர் என்பதால் ஏற்காட்டில் ஒரு பிரதியை வைக்கலாமா என்ற யோசனை சேலத்தில் எழுவது இயல்பு. நாடாக்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை. மலையில் வெப்பம் பொருந்தும், ஈரம் பொருந்தாது. மழைக்காலப் பனிமூட்டத்தில் மூடிய அறையிலும் பூஞ்சை பிடிக்கும். மேலும் சாலை வழியே முப்பது கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும் ஊரை வேறு வட்டாரமாகக் கருத முடியாது. சேலத்தின் கோடையில் குளிர்சாதன வசதி நின்றால் சர்வர் அறை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியும். நாடாவை அந்த அறையில் வைக்காமல், குளிரூட்டிய வேறொரு கட்டடத்தில், ஈரப்பதமானியோடு வையுங்கள்.

வேறு ஊர்ப் பிரதிக்கு இன்னொரு பல்கலைக்கழக நூலகத்தோடு பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொள்வது என் விருப்பத் தேர்வு: அவர்கள் நாடா இங்கே, நம் நாடா அங்கே. பெருநகரம் என்பதாலேயே பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம்; 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. மேகச் சேமிப்பை வாடகைக்கு எடுத்தால், கட்டணம் நின்றால் கோப்புகளுக்கு என்ன ஆகும், அத்தனையையும் திரும்ப இறக்க எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பிரதிகளில் ஒன்றாவது எந்தக் கணினியோடும் இணையாமல் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் பணயத் தாக்குதலுக்கு (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல்) உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. அத்தனை வசதி படைத்த நூலகத்துக்கே நேர்ந்தது நமக்கும் நேரக்கூடும்.

படி 8: சோதனையை நாட்காட்டியில் எழுதுங்கள்

சர்வரில் உள்ள பொதிகளின் சரிபார்ப்புத் தொகைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நாடாக்களை ஆண்டுக்கு ஒருமுறையும் ஒப்பிடுங்கள். எங்காவது வேறுபாடு தெரிந்தால், மற்றப் பிரதிகளில் சரியானதைக் கண்டு அதிலிருந்து மாற்றி, நடந்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒப்பிடுவதோடு நிற்காமல், கோடை விடுமுறையில் சில பொதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வெளியூர்ப் பிரதியிலிருந்து வெற்றுக் கணினி ஒன்றுக்கு மீட்டுப் பாருங்கள். அவற்றுள் ஒன்றாவது பழைய எழுத்துரு ஆய்வேடாக இருக்கட்டும். அதைத் தமிழ்த்துறை மாணவர் ஒருவரிடம் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு மேற்கோளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அவர் நூலகரின் உதவியின்றி அதைக் கண்டெடுத்தால்தான் அந்த ஆண்டின் சோதனை நிறைவேறியதாகப் பதிய வேண்டும்.

இந்த வேலைகளை ஒருவர் மட்டும் அறிந்திருப்பது ஆபத்து. கடவுச்சொற்கள், நாடாக்கள் இருக்கும் இடம், ஒப்பந்தங்கள், செய்முறைகள் அனைத்தையும் தமிழில் ஒரு கையேடாக எழுதி, அச்சிட்ட பிரதியை நூலகரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் முத்திரையிட்டு வையுங்கள். பொறுப்பாளர் மாறும் நாளில், புதியவர் அந்தக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொதியை மீட்டுக் காட்டிய பிறகே பொறுப்பு ஒப்படைப்பில் கையொப்பமிட வேண்டும்.